ஷாத்திர்: பாராட்டா, வசவா? ஒரு அரபு வேரைத் தோண்டிப் பார்க்கும் முழு வழிகாட்டி

சவூதியின் தம்மாமில் ஒரு கிடங்கில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் ஸ்டோர் கீப்பர் எகிப்துக்காரர். மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு பிசிறில்லாமல் முடிந்தால் தோளில் ஒரு தட்டு தட்டி "ஷாத்திர், ஷாத்திர்" என்பார். கெட்டிக்காரன் என்று அர்த்தம் என்றார் பக்கத்து மேசை மலையாளி. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து அரபு கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, பழைய அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடினேன். "தன் கெட்ட புத்தியால் வீட்டாரையும் ஆசானையும் சலிக்கவைத்தவன்" என்று போட்டிருந்தது.

அன்று பிடித்த பைத்தியம். ஒரே சொல் எப்படிப் பாராட்டாகவும் வசவாகவும் இருக்கும், அதே வேரிலிருந்து சாண்ட்விச்சுக்கும் அணுப்பிளவுக்கும் எப்படிப் பெயர் வந்தது என்று தேடிப் போனதில், ஒரு அரபு வேரை எப்படித் தோண்டுவது என்பதே கொஞ்சம் பிடிபட்டது. அதைப் படிப்படியாக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போனில் படித்துவிட்டு மூடினால் ஒன்றும் தங்காது.

படி 1: எழுத்து சரிதானா என்று பாருங்கள்

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளின் மேல் நிற்பவை. நம்முடையது ஷீன், தா, ரா. இதில் சிக்கல் நடுவில் இருக்கும் தாவில்தான். அரபியில் மெல்லிய தா ஒன்று, நாக்கின் பின்பக்கத்தை மேலே தூக்கித் தடிமனாகச் சொல்லும் கனத்த தா ஒன்று. நமக்கு வேண்டியது கனத்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அதிலும் உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஒற்றைத் தகரம் வந்தால் 'பாதி' என்பதில் வருவதுபோல மெலிந்துவிடும். அதனால்தான் நான் 'ஷாத்திர்' என்று ஒற்றுப் போட்டு எழுதுகிறேன். அரபியில் அங்கே இரட்டிப்பு கிடையாது.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், நான் முதலில் விழுந்த பள்ளம் இதுதான். அலீ (ரலி) அவர்களின் தளபதி மாலிக் அல்-அஷ்தர் பெயரைப் பார்த்ததும், ஆஹா நம்ம வேர் என்று நோட்டில் எழுதிவிட்டேன். தப்பு. அது மெல்லிய தா. இமை புரண்ட கண்ணுடையவர் என்று பொருள். அதேபோல 'சத்ர்' என்றால் எழுதிய வரி, கோடு போடும் ஸ்கேல் 'மிஸ்தரா'. அதில் தா கனத்ததுதான், ஆனால் முதலெழுத்து சீன், ஷீன் அல்ல. மூன்று எழுத்தில் ஒன்று மாறினாலும் அது வேறு குடும்பம். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய உச்சரிப்பை நம்பி ஒருபோதும் வேர் தேடாதீர்கள், அரபு எழுத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

படி 2: சதையை உரித்து எலும்பை எடுங்கள்

அரபு அகராதிகள் பலவும் வேர் வரிசையில் அடுக்கப்பட்டவை. 'இன்ஷித்தார்' என்ற சொல்லை அலிஃபில் தேடினால் கிடைக்காது. முன்னால் ஒட்டிய 'இன்', நடுவில் நுழைந்த நெடில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஷீன்-தா-ராவில் தேட வேண்டும். கற்றுக்கொள்பவர்கள் அதிகம் புரட்டும் அகராதி ஹான்ஸ் வேர் தொகுத்தது. ஜெர்மன் பதிப்பு 1952, ஆங்கிலப் பதிப்பு 1961. (வேர் தேடுகிற அகராதிக்கு வேர் என்றே ஆசிரியர் பெயர் அமைந்தது தமிழனுக்கு மட்டும் கிடைத்த சிரிப்பு.)

வார்ப்பு தெரிந்தால் உரிப்பது எளிது. ஆலிம், காதிப், ஹாகிம் எல்லாம் ஒரே அச்சு, செயலைச் செய்பவர். ஷாத்திரும் அந்த அச்சுதான். மன்சூர், மஹ்மூத், மக்தூப் இன்னொரு அச்சு, செயலுக்கு உள்ளானது. அதில் வார்த்தால் 'மஷ்தூர்' வரும், பாதியாக வெட்டப்பட்டது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஷாத்திர் என்பவன் 'இரண்டாகப் பிளப்பவன்'. கெட்டிக்காரன் என்ற பொருளின் வாசனைகூட இங்கே இல்லை.

படி 3: பழைய பொருளுக்கு ஒட்டக மடியைப் பாருங்கள்

பழைய அரபு அகராதிகளில் ஒரு வேரைத் திறந்தால் பாதி நேரம் ஒட்டகம் வந்து நிற்கும். இங்கேயும் அப்படித்தான். பெண் ஒட்டகத்தின் மடியில் நான்கு காம்புகள். முன்னிரண்டு ஒரு 'ஷத்ர்', பின்னிரண்டு இன்னொரு 'ஷத்ர்'. ஒரு பாதியைக் கறந்துவிட்டு மறுபாதியைக் குட்டிக்கு விடுவதற்கு இந்த வேரில் தனி வினையே இருக்கிறது. அதிலிருந்து ஒரு மரபுத்தொடர்: 'ஹலபத் தஹ்ர அஷ்துரஹு'. காலம் என்ற ஒட்டகத்தின் எல்லாக் காம்பையும் கறந்து பார்த்தவன், அதாவது நல்லது கெட்டது இரண்டையும் கண்டவன். நாம் 'நாலும் தெரிந்தவர்' என்கிறோமே, அதேதான். ஆனால் அவர்களுடைய நாலு எந்த நாலு என்று தெளிவாகத் தெரிகிறது.

ஆக, ஷத்ர் என்றால் பாதி. தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'சுத்தம் ஈமானில் பாதி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நபிமொழியின் அரபு மூலத்தில் 'பாதி' இருக்கும் இடத்தில் நிற்பது இந்த ஷத்ர்தான். அரபுக் கவிதையில் ஒரு பைத் (செய்யுள் அடி) இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் இடைவெளி விட்டு அச்சடிப்பார்கள். அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு ஷத்ர். இன்னொரு கவிஞரின் பைத்தை எடுத்து, அதன் இரண்டு பாதிகளுக்கு நடுவே தன் பாதிகளைச் செருகி ஒன்றை இரண்டாக்கும் விளையாட்டுக்கு 'தஷ்தீர்' என்று பெயர்.

கலீஃபா உமர் (ரலி) தன் ஆளுநர்கள் சிலர் பதவிக் காலத்தில் சேர்த்த சொத்தில் சரிபாதியை எடுத்துக்கொண்டார் என்று வரலாற்று நூல்கள் எழுதும்போது பயன்படுத்தும் வினையும் இதே வேர்தான், 'ஷாத்தர'. இன்றைக்கு அரபியில் துக்கம் விசாரித்து எழுதுகிறவர்கள் 'உஷாத்திருக்குமுல் அஹ்ஸான்' என்பார்கள். உங்கள் துயரத்தில் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். சொத்தைப் பிடுங்கவும் துக்கத்தைப் பகிரவும் ஒரே வினை.

படி 4: பொருள் எங்கே வளைகிறது என்று கோடு போடுங்கள்

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்றை இரண்டாக்கினால் ஒவ்வொரு பாதியும் ஒரு பக்கம். பக்கம் என்றாலே திசையும் வந்துவிடும். தமிழில் இதை விளக்கத் தேவையே இல்லை. மாதத்தின் ஒரு பாதி பட்சம், அதே சொல்லின் இன்னொரு உருவம்தான் பக்கம், 'அந்தப் பக்கம் போ' என்றால் திசை. குர்ஆனில் 2:144இல், கிப்லா (தொழும் திசை) ஜெருசலேமின் பைத்துல் மக்திஸிலிருந்து மக்காவின் கஅபாவுக்கு மாறும் வசனத்தில், 'ஃபவல்லி வஜ்ஹக ஷத்ரல் மஸ்ஜிதில் ஹராம்' என்று வருகிறது. முகத்தை மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் திருப்பச் சொல்கிறது. இங்கே 'பாதி' என்று மொழிபெயர்த்தால் அபத்தம். 820இல் இறந்த இமாம் ஷாஃபிஈ, இந்த இடத்தில் ஷத்ர் என்றால் திசைதான் என்று காட்டப் பழைய அரபுக் கவிதை வரிகளை அடுக்குகிறார். அந்தக் காலத்திலேயே இதற்குச் சான்று காட்ட வேண்டியிருந்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம், ஒரு பக்கமாக ஒதுங்கிப் போவது. 'ஷத்தர அன் அஹ்லிஹி' என்றால் வீட்டாரை விட்டு விலகி, அவர்களுக்கு அடங்காமல் போனான் என்று பொருள். 'ஷத்தூர்' என்றால் எட்டத்தில் இருப்பது. பார்வை பிரிந்து, உங்களைப் பார்ப்பது போலவும் பக்கத்து ஆளைப் பார்ப்பது போலவும் இருக்கும் மாறுகண்ணுக்கும் இந்த வேரில் வினை உண்டு. 1004இல் இறந்த இப்னு ஃபாரிஸ் இந்த வேருக்கு இரண்டு அடிப்படை என்று எழுதினார்: ஒன்று பாதி, இன்னொன்று தூரமும் எதிர்முகமும். ஒவ்வொரு வேருக்கும் ஒரே ஆதிப்பொருள்தான் என்று இணையத்தில் அடித்துச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். வேர்களின் அடிப்படைப் பொருளைத் தேடியே ஓர் அகராதி எழுதியவர், ஒன்றுக்குள் அடக்க முடியாததை இரண்டு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு அடங்காமல் போனவன் ஊரில் என்ன ஆவான்? தறுதலை. 1311இல் இறந்த இப்னு மன்ளூரின் லிஸானுல் அரப் அகராதியில் ஷாத்திருக்கு இருப்பது இந்தப் பொருள்தான். எனக்கு அன்று அதிர்ச்சி கொடுத்த வரி அதில் வருவது.

நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: பாதி, பக்கம், விலகல், தறுதலை. அடுத்தது வரலாற்றில் இருக்கிறது, அகராதி மட்டும் போதாது.

படி 5: சொல்லைத் தெருவில் தேடுங்கள்

9ஆம் நூற்றாண்டு பாக்தாத். கலீஃபா அமீனுக்கும் அவருடைய சகோதரர் மஃமூனுக்கும் நடந்த போரில் 813இல் அமீன் கொல்லப்பட்டார், நகரம் சின்னாபின்னமானது. ஹிஜ்ரி 201, அதாவது 817 வாக்கில், ஷாத்திரின் பன்மையான 'ஷுத்தார்' பாக்தாதிலும் அதன் கர்க் பகுதியிலும் மக்களைப் படாதபாடு படுத்தியதாக வரலாற்றாசிரியர் தபரி எழுதுகிறார். வழிப்பறி, ஆள்கடத்தல், மாமூல் வசூல். கேட்க ஆளில்லாததால் தெருக்காரர்களே திரண்டு அவர்களை எதிர்த்தார்கள். இங்கே ஷாத்திர் என்பது வெறும் கெட்டவன் இல்லை, ஒரு வகைத் தெரு ரவுடி.

ஆனால் தெரு ரவுடிக்கு ஊரில் எப்போதும் இரண்டு முகம். சுறுசுறுப்பு, துணிச்சல், ஆளை ஏமாற்றும் சாமர்த்தியம் இதையெல்லாம் ஜனங்கள் திட்டிக்கொண்டே ரசிப்பார்கள். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் அஹ்மத் அத்-தனஃப் மாதிரி ஆட்களைப் பாருங்கள்: பலே ஏமாற்றுக்காரன், கடைசியில் கலீஃபாவே அவனைக் காவல் தலைவனாக்குகிறார். திருடனைப் பிடிக்கத் திருடன். எகிப்திலும் ஷாமிலும் (சிரியா, லெபனான் பக்கம்) பாட்டிகள் சொல்லும் கதைகளின் நாயகன் 'ஷாத்திர் ஹஸன்', இளவரசியை ஜெயிக்கும் புத்திசாலிப் பையன். அவனிடம் ரவுடித்தனம் ஏதும் மிச்சமில்லை.

நமக்கு இது புதிதல்ல. மூன்று வயதுக் குழந்தை பிஸ்கட் டப்பாவைத் திறந்துவிட்டால் 'அடப் போக்கிரி!' என்று தூக்கிக் கொஞ்சுகிறோம். கில்லாடி என்றால் ஏமாற்றுக்காரனும்தான், வேலையில் சூரனும்தான். ஷாத்திர் அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போய், கெட்ட பெயரை வழியிலேயே உதிர்த்துவிட்டது. இன்று ஒரு கெய்ரோ மழலைப் பள்ளி ஆசிரியை 'யா ஷுத்தார்!' என்று பிள்ளைகளைக் கூப்பிடும்போது, தபரி எழுதிய அதே பன்மையைத்தான் சொல்கிறார்.

படி 6: யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது

இன்றைய பேச்சில் ஷாத்திருக்குச் சரியான தமிழ் 'சமர்த்து'. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையும் சமர்த்து, நல்ல மார்க் வாங்கும் பிள்ளையும் சமர்த்து, ஷாத்திரும் அப்படியே. பெண்பிள்ளைக்கு 'ஷாத்ரா'. எகிப்தில் நெடிலைக் குறுக்கி 'ஷத்ரா' என்பார்கள்.

வேலைக்காரரின் கைத்திறனைச் சொல்லலாம். அவள் ஷாத்ரா, சமையலில் கைதேர்ந்தவள் என்றால் நிஜப் பாராட்டு. ஆனால் வளர்ந்த ஆளை நேருக்கு நேர் 'யா ஷாத்திர்' என்று கூப்பிடாதீர்கள். 'டேய் தம்பி, பெரிய புத்திசாலிதான் நீ' என்ற தொனி வந்துவிடும். என் ஸ்டோர் கீப்பர் என்னைச் சொன்னதும் பாதி அந்தக் கணக்கில்தான், எனக்கு அப்போது வயது 24. மேலாளரைப் பற்றி எழுத்தில் எழுதும்போது 'தகீ' (புத்திசாலி) அல்லது 'மாஹிர்' (திறமைசாலி) போடுங்கள்.

சந்தையில் 'அத்திஜாரா ஷத்தாரா' என்பார்கள். வியாபாரம் என்பதே சாமர்த்தியம். விற்பவர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னால் விலையை இன்னொரு தடவை பேசிப் பாருங்கள்.

பழமொழிகள் இல்லாமல் இந்தச் சொல் பழகாது. எகிப்தில் அதிகம் கேட்பவை மூன்று. கெட்டிக்காரி கழுதைக் காலை வைத்துக்கூட நூல் நூற்பாள் என்பது ஒன்று. நம் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளே, அவளுக்கு நேர் எதிர்ப் பெண். ஷாத்திரின் ஒரு தப்பு ஆயிரம் தப்புக்குச் சமம் என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: கழுதையிடம் செல்லாதவன் சேணத்திடம் 'இத்ஷத்தர்' ஆனானாம். இங்கே வினை வடிவம் மாறுகிறது, 'ஒருவர்மேல் ஷாத்திர்தனம் காட்டுவது' என்றால் எளியவனிடம் வீரம் காட்டுவது. மேலதிகாரியிடம் வாய் திறக்காமல் கடைநிலை ஊழியரிடம் எகிறுபவர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பாரே, அவருக்கு.

படி 7: எல்லை தாண்டியதும் திரும்பப் பரிசோதியுங்கள்

எங்கள் கிடங்கில் ஒரு பாகிஸ்தானி டிரைவர். நெரிசலில் லாரியைப் பின்னோக்கி ஒரே மூச்சில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் புதிதாகக் கற்ற அரபியைக் காட்ட 'ஷாத்திர்!' என்று கத்தினேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. மாலையில் டீக்கடையில்தான் காரணம் சொன்னார்: உருதுவில் ஷாத்திர் என்றால் நரித்தந்திரம் உள்ளவன். இந்திச் செய்திகளில் 'ஷாத்திர் சோர்' என்று வருவது கைதேர்ந்த திருட்டுப் பயலைத்தான். அரபுத் தெரு உதிர்த்த கெட்ட பொருளை நம் வடக்கு பத்திரமாக வைத்திருக்கிறது. உருதுவில் சதுரங்க ஆட்டக்காரனுக்கும் இந்தப் பெயர் உண்டு.

பாரசீகம் வேறு வழியில் போனது. அங்கே ஷாத்தெர் என்றால் அரசரின் குதிரைக்கு முன்னால் ஓடும் ஆள். 17ஆம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானில் இருந்த பிரெஞ்சுப் பயணி ஷார்டேன், அந்த ஓட்டக்காரர்களுக்கு வைத்த தேர்வை விவரிக்கிறார்: விடிந்ததிலிருந்து ஓடி ஓடி ஒவ்வொரு தடவையும் ஒரு அம்பை எடுத்துவர வேண்டும். இன்றைய ஈரானில் சூடான கூழாங்கற்கள் மேல் சங்கக் ரொட்டி சுடும் கடையில், நீளத் துடுப்பால் மாவை அடுப்புக்குள் விடும் மாஸ்டரின் பெயர் ஷாத்தெர்.

இந்தியாவில் ஒரு சூஃபி மரபே இந்த வேரில் இருக்கிறது. ஷத்தாரி தரீக்காவை இங்கே கொண்டுவந்த ஷாஹ் அப்துல்லாஹ் 1485இல் மாளவத்தின் மாண்டுவில் இறந்தார். விரைவாக இறைவனைச் சேரும் வழி என்பது பெயருக்கான விளக்கம். குவாலியரில் தான்சேனின் சமாதிக்குப் பக்கத்தில் பெரிய தர்கா இருக்கிறதே, முஹம்மது கௌஸ், அவர் இந்த மரபைச் சேர்ந்தவர். பிறகு இது இந்தோனேசியாவின் ஆச்சே வழியாக ஜாவா வரை போனது.

ஆள் பெயரிலும் உண்டு. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பில் இருந்த இப்னுஷ் ஷாத்திர் 1375இல் இறந்தவர். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கு மாதிரியும், 1543இல் வந்த கோப்பர்நிக்கஸின் நூலில் இருப்பதும் கணித ரீதியில் ஒன்றே என்று 1957இல் வெளியான ஆய்வு காட்டியது. 'ஷாத்திரின் மகன்' என்பது பெயர். எந்தப் பொருளில் ஷாத்திர் என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

படி 8: புதுச் சொற்களையும் போலிகளையும் பிரியுங்கள்

புதுச் சொல் ஆக்கியவர்கள் கெட்டிக்காரனை விட்டுவிட்டுப் பழைய பாதிக்கே திரும்பினார்கள். அணுப்பிளவு 'இன்ஷித்தார் நவவீ'. சாண்ட்விச் 'ஷத்தீரா'. 1932இல் தொடங்கிய கெய்ரோ அரபு மொழி அகாடமி சாண்ட்விச்சுக்கு 'வெட்டுவது, வெட்டப்பட்டது, இரண்டுக்கும் நடுவில் புதியது' என்று நீளப் பெயர் வைத்ததாக ஒரு ஜோக் அரபு நாடெங்கும் ஓடுகிறது. கேலிக்குக் கட்டிய கதை. தமிழில் கலைச்சொல் ஆக்குபவர்கள் வாங்கிக்கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த அகாடமிமேல் தானாகப் பரிதாபம் வரும். கடையில் மட்டும் எல்லோரும் சாண்ட்விச் என்றுதான் கேட்கிறார்கள்.

போலிகளில் நமக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பது சாதுர்யம். ஒலியும் பொருளும் அப்படியே பொருந்தும், உறவு துளியும் கிடையாது, அது வடமொழியின் சதுர என்ற சொல்லிலிருந்து வந்தது. அரபியின் 'ஷத்ரஞ்ச்' சதுரங்கம் பாரசீகம் வழியாகப் போனது, நம்ம பக்கத்துச் சரக்கு. ஒலி ஒத்துப்போனதால் மட்டும் உறவு கட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அது போதும் என்கிற அளவுக்கு நடக்கிறது.

படி 9: அடுத்த வேர்

இந்த எட்டையும் ஒரு தடவை செய்தாகிவிட்டதென்றால், படி 6இல் வந்த 'தகீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து தால், நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்வது. 'தகா' என்றால் புத்திக்கூர்மை, செயற்கை நுண்ணறிவுக்கு அரபியில் 'அத்தகாவுல் இஸ்தினாயீ' என்பார்கள். அதே வேரில் நெருப்பு கொழுந்துவிட்டு எரிவதும் இருக்கிறது, முறைப்படி பிராணியை அறுப்பதும் இருக்கிறது. குர்ஆன் 5:3இல் பாருங்கள். நெருப்பு, கத்தி, மூளை மூன்றையும் இணைக்கும் கோட்டை நீங்களே நோட்டில் போடுங்கள். எழுத்தைச் சரிபார்த்துவிட்டு.